முன்சக்கரமும் பெரியப்பாவின் பட்டு வேட்டியும்

நாமக்கல்லில் பிறந்த ஆண்பிள்ளை எதை வேண்டுமானாலும் தெரியாது என்று ஒப்புக்கொள்வான், வண்டியைத் தவிர. நானும் அப்படித்தான். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் பல வருடமாக மேலாளர் (மேலாளர் என்றால் டீ சொல்லி அனுப்புகிறவன்). அந்தத் தகுதியே போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புது எஸ்.யூ.வி. எடுத்தபோது ஷோரூம் பெண் தெளிவாகத்தான் சொன்னார். “சார், இந்த மாடல்ல எஞ்சின் முன்சக்கரம் ரெண்டை மட்டுந்தான் சுத்தும். நாலு சக்கரமும் இழுக்கற மாடல் வேற. டவுனுக்கும் ஹைவேஸுக்கும் இது போதுமுங்க.”

“தெரியுமுங்க, தெரியுமுங்க” என்று தலையாட்டினேன். காதில் எதுவும் ஏறவில்லை. கண் முழுக்க வண்டியின் உயரத்திலும் டயரின் தடிமனிலும் இருந்தது. இவ்வளவு பெரிய உடம்பை இரண்டு சக்கரமா இழுக்கும்? நாலும் இழுக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் நாமகிரிப்பேட்டையில் என் மச்சினன் கல்யாணம். எங்கள் பக்கம் தாலி கட்டுவதற்கு முன் இணைச்சீர் நடக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியவள் கல்யாண மாப்பிள்ளையின் உடன்பிறந்தாள். என் மனைவி கோமதி ஒருத்திதான் அவனுக்கு அக்கா. சாயங்காலம் நாலு மணிக்குச் சீர். மத்தியானம் மண்டபத்துக்கு வந்து இறங்கிய பிறகுதான் கோமதிக்கு ரவிக்கை நாமக்கல் தையல் கடையிலேயே கிடப்பது ஞாபகம் வந்தது.

“நம்ம வண்டி இருக்குதே!” என்று முந்திக்கொண்டேன். புது வண்டியில் ஏறிப் பார்க்கும் ஆசையில் கோமதியின் பெரியப்பாவும் பட்டு வேட்டியோடு ஏறிக்கொண்டார். ரவிக்கையை வாங்கி, சமையலுக்கு இரண்டு மூட்டை அரிசியும் டிக்கியில் போட்டுக்கொண்டு திரும்பினோம்.

வழியில் பாலம் வேலை நடந்தது. சுற்றிப் போகச் சொல்லிப் பலகை வைத்திருந்தார்கள். பக்கத்தில் மரவள்ளிக் காட்டுக்குள் ஒரு மண்பாதை குறுக்கே போனது. முந்தின நாள் நல்ல மழை.

“சுத்திப் போனாலும் நேரத்துக்குப் போயிரலாமுங்க” என்றாள் கோமதி.

“எதுக்குச் சுத்தோணும்? நாலு சக்கரமும் இழுக்கற வண்டி” என்று திருப்பினேன்.

நூறடி கூடப் போகவில்லை. வண்டி சேற்றில் உட்கார்ந்துவிட்டது. நான் அசரவில்லை. லாரி புதைந்தால் பின்னால் பாரம் ஏற்றுவார்கள், சக்கரத்துக்குப் பிடிப்பு கிடைக்கும் என்று பட்டறையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன் (லாரிக்கு இழுப்பது பின்சக்கரம் என்பது அப்போது உறைக்கவில்லை). “ரெண்டு பேரும் பின்னாடி பம்பர்ல ஏறி நில்லுங்க!” என்றேன். பட்டுச் சேலையும் பட்டு வேட்டியும் ஏறி நின்றன. நான் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி அலறியது. இன்னும் ஆழமாகப் புதைந்தது.

கோமதியின் போன் அடித்தது. அவள் தம்பி. “அக்கா, எங்க இருக்கற? அருமைக்காரர் வந்து உக்காந்துட்டாரு. உன்னையக் கேக்கறாங்க.” சீரை நடத்தி வைக்கிற பெரியவரே வந்துவிட்டார், சீர் செய்ய வேண்டியவள் பம்பரில் நிற்கிறாள். “வாரேன்டா” என்றாள், குரல் உடைந்துவிட்டது. ஒரு கல்யாணத்தையே சேற்றில் நிறுத்திவிட்டோமே என்று என் மேலேயே வெறுப்பாக வந்தது.

காட்டில் மரவள்ளிக் குச்சி வெட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா அருகில் வந்தார். “ஏனுங்க, சுத்தறது முன்னாடி சக்கரம். பின்னாடி ஏறி நின்னா அது எப்புடீங்க மண்ணைப் புடிக்கும்?”

இறங்கிப் பார்த்தேன். முன்சக்கரங்கள் இரண்டும் சேறு பூசிக் கிடந்தன. பின்சக்கரங்கள் அபிஷேகம் முடிந்த சாமி மாதிரி சுத்தமாக நின்றன. ஷோரூம் பெண் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அப்போதுதான் காதில் ஏறியது.

அப்புறம் அந்த அம்மா சொன்னபடியே செய்தோம். அரிசி மூட்டைகள் முன்சீட்டுக்கு வந்தன. முன்சக்கரங்களுக்குப் பின்னால் மரவள்ளிக் குச்சிகளைக் கட்டுக்கட்டாகச் செருகினார். பெரியப்பா எதிரே நின்று பானட்டை அழுத்தித் தள்ள, நான் ரிவர்ஸ் போட்டேன். (அந்த அம்மா விவரமாக ஓரம் போய் நின்றுகொண்டார்.) சக்கரம் பின்னோக்கிச் சுழன்று, சேற்றை எல்லாம் வாரி முன்னால் இறைத்தது. வண்டி துள்ளி வெளியே வந்தது. எதிரே பெரியப்பா தலை முதல் கால் வரை ஒரே செம்மண் நிறத்தில் நின்றார்.

“வண்டி வந்துருச்சுங்களா மாப்பிள்ளை?” என்றார், கண்ணைத் திறக்காமல்.

அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். “மொதல்ல போங்க சாமி, நேரமாகுது” என்று விரட்டினார். சுற்றுப்பாதையில் பறந்து மண்டபத்தைத் தொட்டபோது நாலரை. கோமதி ரவிக்கை மாற்றிக்கொண்டு மணையில் போய் நின்றாள். சீர் குறையில்லாமல் நடந்தது. தூண் ஓரமாகச் சாய்ந்து நின்று மூச்சு விட்டேன். வாழ்க்கையில் அப்படி ஒரு மூச்சு அதற்கு முன்னும் விட்டதில்லை, பின்னும் விட்டதில்லை.

போன மாதம் பெரியப்பாவின் மகன் தன் கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். அவனுக்குக் கூடப் பிறந்த பெண் இல்லை; அவன் இணைச்சீருக்கும் கோமதிதான். குங்குமம் வைத்துப் பத்திரிகையை என் கையில் கொடுத்தான்.

“மாமா, நீங்க கண்டிப்பா உங்க வண்டியிலயே வந்துருங்க. அக்காவுக்கு மட்டும் முந்தின நாளே நாங்க வேற வண்டி அனுப்பிச்சர்றமுங்க.”