ஆறரை நிமிஷத்தில் நின்ற வண்டி

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். தாங்கள் நலமாக இருப்பது, தங்கள் கடிதத்தில் மூன்று இடங்களில் சிவப்பு மையால் போட்டிருந்த அடிக்கோட்டின் அழுத்தத்திலேயே தெரிந்துவிட்டது. பள்ளி ஆய்வாளர் வேலையிலிருந்து தாங்கள் ஓய்வு பெற்றாலும் தங்கள் பேனா ஓய்வு பெறவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சியே.

"அறுபத்துமூன்று வயதில் ரிமோட் கார் விட்டுக்கொண்டு திரிவது அழகல்ல, அதைப் பரண்மேல் ஏற்றவும்" என்று எழுதியிருந்தீர்கள். ஏற்ற மாட்டேன். இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மீதி எல்லாம் விளக்கம்.

போன வருஷம் பக்கவாதம் வந்து என் வலது கை விழுந்தது தாங்கள் அறிந்ததே. கை திரும்பி வந்தது, ஆள்காட்டி விரல் மட்டும் வரவில்லை. முப்பத்தோரு வருஷம் மூக்குக்கண்ணாடிக் கடையில் கடுகத்தனைத் திருகாணியை முடுக்கிய விரல், மச்சான். கைப்பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, தினம் முந்நூறு தடவை அமுக்கச் சொன்னாள். பந்தை அமுக்கினால் என்ன நடக்கிறது? ஒன்றும் நடக்கவில்லை. ரிமோட்டின் விசையை அமுக்கினால் ஒரு வண்டி ஓடுகிறது. வாங்கிய அன்றைக்கே எண்ணாமல் அமுக்கிக்கொண்டே இருந்தேன். ஆகவே அந்த வண்டி நின்றால் என் விரலும் நிற்கும். இது விளையாட்டில்லை.

எங்கள் ஊர்க் கிடங்கு வாசலில் இரண்டு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த ரிமோட் கார் பந்தயத்துக்குத் தாங்களும் வந்திருந்தீர்கள். பத்து நிமிஷம் நிற்காமல் ஓட வேண்டும். என் வண்டி ஆறரை நிமிஷத்தில் நட்டநடுவில் படுத்துக்கொண்டது. அப்போது தாங்கள் "இவ்வளவுதானா?" என்று கேட்டது பக்கத்துத் தெருவரைக்கும் கேட்டது. கேட்டதோடு விட்டீர்களா, வீட்டுக்குப் போய்க் கடிதமும் போட்டீர்கள்.

சரி, அதற்குப் பிறகு நான் சும்மா இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். எடை குறைந்தால் பேட்டரி அதிக நேரம் தாங்கும் என்று யாரோ சொல்ல, வண்டியின் மேல்கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினேன், அது நேராகப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரர் தரை துடைத்துக்கொண்டிருந்த ஈரத்துணியில் சுற்றிக்கொண்டது, அவரும் துணியை விடவில்லை, வண்டியும் விடவில்லை. சக்கரத்தில் இருக்கிற பேரிங் எல்லாம் அழுக்கேறி இழுக்கிறது என்று எட்டையும் கழற்றி மண்ணெண்ணெயில ஊறப் போட்டேன், கைக்குக் கிடைச்ச டம்ளர் உங்க தங்கை டீ குடிக்கிற டம்ளர், அதுக்கு அவ என்ன சொன்னாங்கிறது கடிதத்துல எழுதற மாதிரி இல்ல. வண்டி வாங்கின கடைக்காரர், நெட்டையர்னு கூப்பிடுவோம், மோட்டார்ல சின்னப் பல்சக்கரம் போட்டுக் கொடுத்தார். வேகம் குறைஞ்சுது, முக்கால் நிமிஷம் கூடுச்சு. குளிர்ல பேட்டரி சீக்கிரம் சோர்ந்து போகும்னும் அவர்தான் சொன்னார். ஒரு நாள் காலையில நல்ல குளிர். கைப்பயிற்சி முடிஞ்சு நேரா ஓட்டப் போகலாம்னு பேட்டரியைச் சட்டைக்குள்ள, கக்கத்துல வச்சுக்கிட்டுப் போனேன். கையைத் தூக்கிப் பிடிச்ச பயிற்சிப் பொண்ணு கக்கத்தைத் தொட்டுப் பார்த்தா. ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிட்டு வந்தா.

"இந்தக் கட்டி எத்தனை நாளா இருக்கு?" என்றார் டாக்டர்.

"காலையிலேர்ந்துதான். ஏழு புள்ளி ரெண்டு வோல்ட்" என்றேன்.

தலைக்கு ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுத்தார்.

கடைசியில வழி சொன்னது உங்க தங்கைதான். இருபது வருஷமா பஸ் ஓட்டறவ. டூட்டி முடிஞ்சு வந்து, யூனிஃபார்மோட மாடிப்படியில உக்காந்து நான் ஓட்டறதைப் பார்த்தா.

"நீங்க வண்டி ஓட்டலைங்க. சுவிட்ச் போட்டுப் போட்டு அணைக்கிறீங்க" என்றாள்.

"வேற எப்படி ஓட்டறது?"

"முழுசா அமுக்கறீங்க, முழுசா விடறீங்க. நான் இப்படி மிதிச்சா நிக்கிற ஜனம் அத்தனையும் என் மடியிலதான் இருக்கும். திருப்பம் வர்றதுக்கு முன்னாடியே விட்டுடுங்க, அது தானா உருளும். பாதி அமுக்குங்க."

பாதி அமுக்குறது. மச்சான், உங்களுக்கு அது ஒரு வார்த்தை. என் விரலுக்கு உண்டு, இல்லை, ரெண்டுதான் தெரியும். நடுவுல போனா வெடவெடன்னு நடுங்கும். அவ வண்டி மேல ஒரு கிண்ணத்தை ஒட்டி, தண்ணி ஊத்தி, "சிந்தாம கடைசி வீடு வரைக்கும் போயிட்டு வாங்க"ன்னா. மூணு வாரம் நடைபாதை முழுக்க ஈரம். முதல் தடவை சிந்தாம போயிட்டு வந்தப்ப தண்ணி விளிம்பு வரைக்கும் அப்படியே இருந்துச்சு. அவ கிண்ணத்தை எடுத்துட்டு உள்ள போயிட்டா. நான் அவளோட கண்ணாடியை எடுத்து, ரொம்ப நாளா ஆடிக்கிட்டிருந்த திருகாணியை முடுக்கினேன். முடுக்க வந்துச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் பந்தயம். அதே வண்டி, அதே பழைய பேட்டரி. (பேட்டரி மாட்டறது மட்டும் உங்க தங்கை, அந்த கனெக்டர் ரொம்ப இறுக்கம்.) ஒன்பது வண்டியில நாலு நடுவுலயே நின்னுச்சு. என்னோடது பத்து நிமிஷமும் ஓடுச்சு. ஓடினதுல கடைசிதான், ஒத்துக்கறேன். ஆனா ஓடுச்சு. விரல் இருந்தா பேட்டரி தானா தாங்கும்னு நிரூபிச்சாச்சு. ஆகவே தங்கள் யோசனையைச் சிவப்பு அடிக்கோட்டோடு சேர்த்துத் திருப்பி அனுப்புகிறேன். எவர் தயவும் எனக்கு வேண்டாம்.

தங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். தங்கள் முழங்கால் வலி சீக்கிரம் குணமாகி, ஊரார் தப்பையெல்லாம் தாங்கள் நின்றுகொண்டே கண்டுபிடிக்க ஆண்டவன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சொல் கேளாத மைத்துனன்

பி.கு.: கடிதத்தை ஒட்டறதுக்கு முன்னாடி உங்க தங்கை வாங்கிப் படிச்சா. படிச்சுட்டு உக்காந்து சிரிச்சா. ஞாயித்துக்கிழமை ஓடினது பழைய பேட்டரி இல்லையாம், பெரிசாம். நீங்கதான் பார்சல்ல அனுப்பி, "அவருக்குச் சொல்லாதே, கோவிச்சுக்குவார்"னு சீட்டும் வச்சிருந்தீங்களாம். பழைய பேட்டரியோட லேபிளை உரிச்சு இதுல ஒட்டினது அவ. கடிதத்தைக் கிழிக்கலாம்னு பார்த்தேன், இவ்வளவு எழுதினதைக் கிழிக்க மனசு வரல. அதனால நேத்து சாயங்காலம் பழைய பேட்டரியைப் போட்டு ஓட்டிப் பார்த்தோம். ஒன்பது நிமிஷம் இருபது செகண்ட். அது சின்னப் பல்சக்கரமும், உங்க தங்கையும், என் விரலும். மீதி நாற்பது செகண்ட்தான் நீங்க.