கால்கயிறு அறுக்கும் வாவா

கல்முனைக்குடியில் அந்த வருசம் பால்குடிப் பிள்ளைகள் எல்லாருக்கும் கால் கட்டிப்போயிற்று. கட்டியது ஜின். கண்டுபிடித்தவர் ஓதிப் பார்க்கிற நடை வாவா.

நடை வாவாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஜவுபர். வாவா ஆவதற்கு முன்பு அக்கரைப்பற்றில் வீடுவீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டிகள் விற்றவர். ஒரு நாள் கனவு கண்டு எழும்பி, ஜின்கள் பிள்ளைகளின் இரண்டு கணுக்கால்களுக்கும் இடையில் கயிறு கட்டுகின்றன என்றும், அந்தக் கயிறு தன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும் என்றும் அறிவித்தார். கண்ணுக்குத் தெரியாத சாமானில் ஒரு வசதி உண்டு. வேலை செய்யவில்லை என்று வடிகட்டியைத் திருப்பிக் கொண்டுவந்ததுபோல இதை யாரும் கொண்டுவர முடியாது.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்கரை வீதியில் த்ரீவீலர்கள் வரிசைகட்டி நின்றன. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று எல்லா ஊரிலிருந்தும் உம்மாமார் பிள்ளைகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வாவா பிள்ளையின் கால்களுக்கு நடுவே வெறும் காற்றில் கத்தியை ஓட்டுவார். கயிறு அறும். இரண்டு மூன்று கிழமை போனதும் பிள்ளை நடக்கும். நடந்த ஒரு பிள்ளையின் வீடியோ ஊர் முழுக்க ஃபோனில் ஓடியது. பதினைந்து மாதப் பிள்ளை நடப்பது அவ்வளவு பெரிய அதிசயம் என்று ஊருக்கு அதுவரை தெரியாது.

அறுத்த பிறகு வாவா தரும் பத்தியம் இது. வீட்டில் பாயை விரிக்க வேண்டும். பிள்ளையை வெறுங்காலோடு அதில் விட வேண்டும். பிள்ளை பிடித்துக்கொண்டு நடக்கக் கதிரைகளை வரிசையாக வைத்து, கடைசிக் கதிரையில் வாவா ஊதிக் கொடுத்த ஈத்தம்பழத்தை வைக்க வேண்டும். பிள்ளை விழுந்தால் தூக்கக் கூடாது.

அறுப்பதற்கு முன் இருக்கும் பத்தியம் இன்னும் சுருக்கம். பிள்ளையைத் தரையிலேயே விடக் கூடாது. தரையில் உள்ளது பிடித்துக்கொள்ளும்.

இரண்டு பத்தியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை. றுஸ்தாவும் பார்க்கவில்லை.

அவளுடைய மகன் இஹ்ஸான் நாலு மாதத்துப் பிள்ளையாக இருந்தபோதே அவளுடைய புருசன் றிஸ்மி அந்த வீடியோவைப் பார்த்துவிட்டான். கல்முனை பசாரில் ஃபோன் திருத்தும் கடை வைத்திருந்தவன் அவன். ஃபோனில் வருவதை நம்பாமல் இருக்க முடியுமா? அன்றிலிருந்து இஹ்ஸான் ஏணை, கட்டில், இடுப்பு என்று மூன்று இடங்களில் வளர்ந்தான். பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்த மிட்வைப் மிஸ், "புள்ளயக் கவுத்துப் பாயில விடுங்க, உருளட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"அவ சம்பளத்துக்குச் செல்ற. வாவா அல்லாஹ்வுக்காகச் செல்றார்" என்றான் றிஸ்மி.

அல்லாஹ்வுக்காகச் சொன்னவரின் வாசலில்தான் காணிக்கைப் பெட்டி இருந்தது. மிட்வைப் மிஸ்ஸின் கையில் குடை மட்டும்தான் இருந்தது.

ஆண்டு நிரம்பியும் இஹ்ஸான் தவழவில்லை. எட்ட இருப்பதைக் கைகாட்டி அழுவான். கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிக்கொண்டு மறுபடியும் அழுவான். றுஸ்தா அவனை வாவாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வாவா பிள்ளையைக் கக்கத்தில் பிடித்துத் தன் முழங்காலில் நிறுத்திப் பார்த்தார். இஹ்ஸான் காலை ஊன்றி உதைத்தான். வாவாவின் முகம் தெளிந்தது.

"கயிறு இரிக்கி. ரெண்டு மாசம் கழிச்சி அறுப்பம். அதுவரைக்கும் நிலத்தில விடாதீங்க."

அடுத்து வந்தவள் கல்முனையைச் சேர்ந்த கிருசிகா. அவளுடைய மகளுக்கு மூன்று வயது நெருங்கியிருந்தது. முழங்காலில் நிறுத்தியதும் அந்தப் பிள்ளையின் கால்கள் துணிபோல மடிந்தன. வாவா உடனே பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது பாட்டன் காலத்துக் கயிறு. அடுத்த வருசம் கொண்டு வாங்க."

கிருசிகா மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வெளியே போய், மதிலோரம் நின்று அழுதாள். றுஸ்தாவுக்குப் பாவமாக இருந்தது. தன் பிள்ளையின் கயிறு சின்னக் கயிறு என்று கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. அந்த ஆறுதலை நினைத்துப் பின்னால் அவள் வெட்கப்பட்டாள்.

அந்தக் கிழமையே ஒரு நாள் காலையில் அவள் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது இஹ்ஸான் குசினி வாசலுக்கு நேரே கிடந்த கட்டிலிலிருந்து வழுகித் தரைக்கு வந்துவிட்டான். அவளுடைய கையெல்லாம் செதில். கழுவிவிட்டுத் தூக்குவோம் என்று நினைப்பதற்குள் கூடையிலிருந்து ஒரு வெங்காயம் உருண்டது. இஹ்ஸான் கையை நீட்டினான். எட்டவில்லை. வயிற்றை இழுத்துக்கொண்டு முன்னால் போய் மறுபடியும் நீட்டினான். இந்த முறை கை அதில் பட்டு, வெங்காயம் இன்னும் தூரம் ஓடியது. அழவில்லை. அதைத் துரத்தினான். ஒரு வழியாகப் பிடித்து, கடித்து, முகத்தைச் சுளித்து, உம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

அடுத்த நாள் வெங்காயத்தை றுஸ்தாவே உருட்டிவிட்டாள். வாசல் கதவைப் பூட்டிவிட்டுத்தான்.

கடைக்குப் போனால் றிஸ்மி இரவில் பிள்ளை தூங்கிய பிறகுதான் வருவான். பகல் முழுக்க வீடு இஹ்ஸானுக்கு. முதலில் குசினிப் படியைப் படியென்றே அறியாமல் நேரே போய் விழப்பார்த்தான். றுஸ்தா பாய்ந்து பிடித்தாள். தவழ்ந்து பழகிய பிறகு அதே படி வந்ததும் நின்றான். கையைக் கீழே விட்டு ஆழம் பார்த்தான். உம்மாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு திரும்பி, காலை முதலில் இறக்கினான். அதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கால் போகப் போகக் கண் பழகியது. கண் பழகப் பழகப் புத்தியும் ஓடியது. முன்பெல்லாம் மூடியைப் பானைக்குப் பின்னால் ஒளித்தால் அதோடு மறந்துவிடுபவன், இப்போது தேடிப் போய் எடுத்தான். கதிரையைப் பிடித்து எழும்பினான். ஒரு நாள் கதிரையை விட்டான். குசினி வாசலிலிருந்து அவளுடைய மடி வரை ஆடி ஆடி நடந்து வந்தான்.

றுஸ்தா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு அவனுடைய கணுக்கால் இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தாள். கயிறு ஒன்றும் தட்டுப்படவில்லை. அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

றிஸ்மியிடம் சொன்னால் எல்லாம் வாவா ஓதிய துஆவின் பலன் என்பான். அதனால் சொல்லவில்லை. அறுக்கிற நாள் வரும் வரை பொறுத்திருந்தாள்.

அன்று வாவாவின் மண்டபம் நிறையச் சனம். றிஸ்மியும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான். கிருசிகாவும் மனம் கேளாமல் மகளோடு வந்து பின்னால் இருந்தாள். றுஸ்தா இஹ்ஸானை இடுப்பிலிருந்து இறக்கவேயில்லை. அவர்களுடைய முறை வந்ததும் வாவா அவனுடைய காலைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"மூணு சுத்து. நல்லா இறுகிக் கிடக்கு."

"இப்பயும் இரிக்கா வாவா?" என்று றுஸ்தா கேட்டாள்.

"ஓம். வலது கால்ல முடிச்சு."

"அறுக்காம நிலத்தில விட்டா?"

"கல்லுப்போல விழும்."

"எல்லாருக்கும் கேக்க ஒருக்காச் செல்லுங்க வாவா."

வாவா அதையே சபைக்குக் கேட்கும்படி உரத்துச் சொன்னார். கத்தி இன்னும் உறையில் இருந்தது. றுஸ்தா மகனைப் பாயில் இறக்கிவிட்டாள். இஹ்ஸான் சுற்றிவரப் பார்த்தான். ஈத்தம்பழத் தட்டு கண்ணில் பட்டது. நேரே நடந்து போய் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

றிஸ்மி எழும்பி நின்றுவிட்டான்.

"வாவாட பார்வை பட்டே நடந்திட்டு" என்று பின்னால் ஒருவர் மெல்லத் தொடங்கினார். சனம் அந்தப் பக்கம் சாயப் பார்த்தது.

"ஒரு கிழமையா நடக்கிறான் காக்கா" என்று றுஸ்தா அந்தப் பெரியவரைப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டு மாசமா நிலத்திலதான் விட்டிரிக்கன். மூணு சுத்தோட நடந்தானா, இல்லாட்டிக் கயிறே இல்லியா?"

வாவா கண்ணை மூடித் திறந்தார். "கயிறு இந்தா இப்பதான் வேற புள்ளக்குப் பாஞ்சிட்டு."

உம்மாமார் அவசரமாகப் பிள்ளைகளின் காலை மடிக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

"நல்லம்" என்றாள் றுஸ்தா. "எல்லாரும் புள்ளைட காலச் சால்வையால மூடுங்க. ஒருத்தரும் வாய் திறக்காதீங்க. இதுக்குள்ள நடக்கிற புள்ளையும் இரிக்கி, நடக்காத புள்ளையும் இரிக்கி. தொடாம, முழங்கால்ல நிப்பாட்டாம, கயிறு இரிக்கிறது ஆருக்கெண்டு செல்லுங்க வாவா. ஒங்கட கண்ணுக்குத்தான் தெரியுமே."

வாவா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மஹ்ரிபுக்கு நேரமாகுது" என்றார். அந்தி நேரத்து மஹ்ரிப் தொழுகைக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது.

முன்வரிசையில் இருந்த நாச்சியா தன் பிள்ளையைத் தூக்கிப் பாயில் வைத்தாள். ஒரு வருசம் இடுப்பிலேயே இருந்த அந்தப் பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் பாயைத் தடவிக்கொண்டிருந்தது.

"நிலத்தில விடாதீங்க எண்டதும் நீங்க. மறுகா நிலத்தில விட்டா நடக்கும் எண்டதும் நீங்க" என்றாள் நாச்சியா. "அப்ப கயிறு கட்டினது ஆரு?"

வாவா எழும்பி உள்ளறைக்குப் போனார். உள்ளறைக்குப் பின் கதவு இருந்தது சனத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது.

றிஸ்மி மகனைத் தூக்கப் போனான். பாதியில் நின்று, குந்தி இருந்து, கையை நீட்டினான். இஹ்ஸான் நடந்து வந்தான்.

கிருசிகா மட்டும் எழும்பாமல் இருந்தாள். "என்ட பிள்ளைக்கு முழங்கால் மடிஞ்சது. அதாலதான் என்னைத் திருப்பி அனுப்பினவர், என்ன?"

"ஓம். தானா நடக்கப்போற புள்ளயளத்தான் அவர் எடுக்கிற" என்றாள் றுஸ்தா. "நாளைக்கு நான் வாறன். ஆசுபத்திரிக்குப் போவம்."

போனார்கள். டொக்டர் பிள்ளையின் காலையும் முதுகையும் வெகுநேரம் சோதித்தார். இது நரம்புச் சிக்கல், பயிற்சியால் முன்னேற்றம் வரும், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது என்றார். "ரெண்டு வருசத்துக்கு முதல் வந்திருக்க வேணும்" என்றும் சொன்னார். அந்த இரண்டு வருசத்தை எந்தக் காணிக்கைப் பெட்டியிலிருந்தும் திருப்பி எடுக்க முடியாது. கிருசிகா கிழமைக்கு ஒரு தடவை மகளைப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிறாள்.

ஜவுபர் இப்போது கோமாரிப் பக்கம் இருக்கிறாராம். பெயர் பேச்சு வாவா. பிள்ளைகளின் நாக்கில் ஜின் கட்டிய முடிச்சை அவிழ்க்கிறாராம். பத்தியம் ஒன்றுதான்: முடிச்சு அவிழும் வரை, வீட்டில் யாரும் பிள்ளையோடு கதைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைகளில் நல்ல கூட்டமாம். ஒருவரும் கதைக்காத வீட்டில் பிள்ளை யாரிடம் பேச்சுப் படிக்கும் என்று அந்த வரிசையில் நிற்கும் ஒருவராவது கேட்டால் போதும். கேட்க வாய் இருக்கிறது. முடிச்சு விழுந்திருப்பது பிள்ளைகளின் நாக்கில் இல்லை.