புரொக் அண்ணையின் செக்கன் கணக்கு

டொரொன்ரோ மாநகரத்தில் இல்லாத கோப்புகளைப் படித்தே வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் புரொக் அண்ணைதான். இரண்டாவதாக ஒருவர் இருந்திருந்தால் அவரையும் வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போட்டிருப்பார். சமைப்பது நான்.

தொண்ணூறுகளின் நடுவில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அப்பார்ட்மென்டை இருவரும் பங்கு போட்டிருந்தோம். எனக்கு மிசிசாகாவில் அலுவலக வேலை. அண்ணைக்கு ஒரு பிஸ்கட் பாக்டரி. மற்ற நேரமெல்லாம் அவர் பழைய கொம்பியூட்டர் ஒன்றின் முன்னால் இருப்பார். அதில் லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்டிருந்தார். அதற்குள் ‘புரொக்’ என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அந்தப் பெயரே அவருக்கும் ஒட்டிக்கொண்டது.

“அண்ணை, உதுக்குள்ள இருக்கிற ஃபைல் எல்லாம் சைஸ் சைபர் எண்டு காட்டுது.”

“ஓம், சைபர்தான். திறந்து பார்.”

திறந்தால் திரை நிறைய எழுத்து.

“இது எங்கையிருந்து வந்தது?”

“டிஸ்கில இல்லையடா. கேர்னல் எண்டு ஒருத்தர் உள்ளுக்கை இருந்து முழு மெசினையும் நடத்துறார். நீ கேக்கேக்கதான் அந்த நேரத்து நிலைமையை எழுதித் தாறார். சுட்டு அடுக்கின தோசையில்லை, கேக்கேக்க சுடுற தோசை.”

ஒருநாள் டிஸ்க் நிரம்பிவிட்டதென்று அவர் புலம்ப, உதவுகிறேன் பேர்வழி என்று அந்த ஃபோல்டரில் சைபர் காட்டாமல் பெரிய சைஸ் காட்டிய ஒரே கோப்பை அழிக்கப் போனேன். கேர்னல் மறுத்துவிட்டது.

“டேய், அது மெமரியின்ரை நிழல். நிழலை அழிச்சு இடம் பிடிக்கப் பாக்கிறியோ?”

அவருடைய உயிர் இருந்தது இன்னொரு கோப்பில். மெசின் நிற்காமல் எத்தனை செக்கன் ஓடுகிறது என்று சொல்லும் கோப்பு அது. ஊரில் இருந்த மனைவி மலர் அக்காவைக் கனடாவுக்கு எடுக்க ஸ்பொன்சர் பேப்பர்களைத் தபாலில் போட்ட அன்றே அண்ணை மெசினைப் போட்டார். பிறகு நிறுத்தவேயில்லை. ஊரில் விடைபெறும்போது அக்கா, “அங்க போனா என்னை மறந்திடுவியள்” என்றாராம்.

“கலண்டரை ஆரும் கிழிக்கலாம். கேர்னல் பொய் சொல்லாது. அவள் வரேக்க இதைக் காட்டுவன்.”

பியூஸ் போனால் கணக்கும் போய்விடுமே! அதனால் வீட்டில் அயன்பெட்டிக்குத் தடை. கசங்கிய சட்டையோடு அலுவலகம் போய்ப் போய், என் மனேஜர் அதை எங்கள் பண்பாடு என்றே நம்பிவிட்டார்.

காலைத் தேநீரோடு அண்ணை செக்கன்களை உரக்க வாசிப்பார். ஒரு வருடமும் சில மாதங்களும் அப்படிப் போயின. ஒருநாள் வாசிப்புக் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். எண் ஆரம்பத்துக்கே திரும்பியிருந்தது.

“டேய், அயன் பண்ணினனியோ?”

நான் என் சட்டையைக் காட்டினேன். அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

இன்ரநெட்டில் கேட்டதற்கு முகம் தெரியாத ஒருவர் பதில் எழுதினார்: மெசின் நிற்கவில்லை, அந்த எண்ணை வைக்கக் கேர்னலிடம் இருந்த இடம் நிரம்பிவிட்டது, நிரம்பினால் மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும்.

அண்ணை அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு, “மெசினுக்கே எண்ண ஏலாமப் போச்சு, பாத்தியே” என்றார்.

அடுத்த மாதமே விசா வந்தது. மலர் அக்காவும் வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவிடாமல் அண்ணை அவரைத் திரைக்கு முன்னால் நிறுத்தினார்.

“இது நீர் வருமட்டும் நான் காத்திருந்த செக்கன்.”

அண்ணை ஒன்றை மறந்துவிட்டார். அக்கா ஊரில் கணக்கு ரீச்சர். மனத்துக்குள்ளேயே வகுத்துப் பார்த்தார்.

“இது ரெண்டு மாசம்கூட வரேல்லையே! அதுக்கு முந்தி என்னப்பா செய்தனீங்கள்?”

கேர்னலைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் மனிதர், “அது… நிரம்பி…” என்றார். என்னைப் பார்த்தார்.

“இருங்கோ அக்கா, நான் சொல்லுறன்” என்று ஆரம்பித்தேன். காலை வாசிப்பைச் சொன்னேன். வேலைக்குப் போகுமுன் மெசினின் முதுகைத் தொட்டு, சூடு இருக்கிறதா என்று பார்ப்பாரே, அதையும் சொன்னேன். அக்கா கோட்டோடேயே கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். இடையில், யாரும் கீபோர்டைத் தொடாததால் திரை தானாக அணைந்துபோயிற்று. அண்ணை திரும்பவேயில்லை, அந்தக் கறுப்புத் திரையையே கவனமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

நான் கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.