ஏழாம் எண்ணுக்கு எட்டாம் எண் என்ன உறவு?

எதிரில் வருகிறவர் யாருக்கு யார் என்று தெரியாவிட்டால் தூக்கம் வராத ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும். நீங்கள் இறங்குவதற்குள் உங்கள் கொழுந்தியாளின் நாத்தனார் வரைக்கும் போய்ச் சொந்தம் கொண்டாடிவிடும். உயிரோடு இருப்பவர்களாவது தப்பி ஓடலாம். செத்தவர்கள் எங்கே ஓடுவார்கள்?

நம் அத்தைக்கு (ஊரே அப்படித்தான் கூப்பிடும், எனக்கும் ஒருவகையில் அத்தைதான், வழி சொல்ல ஆரம்பித்தால் பொழுது போய்விடும்) எலும்பு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை. எழுத்தே பிறக்காத காலத்து இடுகாட்டில் தோண்டியெடுத்த எலும்புகளை மெல்லிய பிரஷ்ஷால் துலக்கி, ஆளுக்கொரு தட்டில் எண் சீட்டோடு காயவைக்க வேண்டும். அவ்வளவுதான். அத்தைக்கு அது போதுமா? அருகருகே கிடைத்த ஏழாம் எண்ணும் எட்டாம் எண்ணும் புருஷன் பெண்டாட்டி என்று பார்த்த மாத்திரத்தில் தீர்மானித்தாள். இத்தனை காலம் ஒன்றாகக் கிடந்தவர்களைப் பிரிக்க மனம் வராமல், இரண்டு பேரையும் ஒரே தட்டில் கொட்டிக் காயவைத்துவிட்டாள்.

எலும்பை அளந்து குறிக்கும் டாக்டரம்மாவுக்குத் தலை சுற்றியது. இன்னொரு தப்பு நடந்தால் அத்தையை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி மேலதிகாரி ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தார்.

"அத்தை, இது ரெண்டுமே ஆம்பளைங்க."

"அப்ப அண்ணன் தம்பி."

"ஒருத்தருக்கு அம்பது வயசு. ஒருத்தனுக்குப் பதினெட்டு."

"அப்பனும் மகனும்னு சொல்லுங்க! மூக்கைப் பார்த்தப்பவே நினைச்சேன்."

"மூக்கு எங்க இருக்கு, அத்தை? டெஸ்ட் ரிசல்ட் வந்தாச்சு. ரெண்டு பேருக்கும் நடுவுல நானூறு வருஷம்!"

அத்தை இரண்டு மண்டையோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப தூரத்துச் சொந்தம்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சாயங்காலத்துக்குள்ள பிரிச்சுக் குடுங்க. இல்லேன்னா நாளைக்கு வராதீங்க."

அத்தைக்குக் கண் கலங்கியது. சம்பளம் கிடக்கட்டும், அலமாரியில் இருக்கும் அத்தனை பேரையும் விட்டுவிட்டுப் போவதா? உட்கார்ந்தாள். வளர்ச்சி முடியாமல் முனை இன்னும் ஒட்டாத எலும்பு சின்னவனுக்கு, மூட்டுத் தேய்ந்தது பெரியவருக்கு என்று விரல் எலும்பு வரைக்கும் தடவித் தடவிப் பிரித்தாள். டாக்டரம்மா இரண்டு முறை சரிபார்த்தாள். ஒன்றுகூட இடம் மாறவில்லை. வேலை தப்பியது, ஒரு நிபந்தனையோடு: கூடத்துக்குள் இனி உறவுப் பேச்சே கூடாது.

மறுநாள் அத்தை வாயே திறக்கவில்லை. ஒன்பதாம் எண்ணின் தாடையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மாதான் கதவைச் சாத்திவிட்டு வந்து கிசுகிசுத்தாள்: "அத்தை, இது அச்சு அசல் என் மாமியார் தாடை."

ஒட்டுவாரொட்டி வியாதி இது, ஜாக்கிரதை. படிக்கும்போதே, 'அட, இந்த அத்தை நம்ம வீட்டு இன்னாரைப் போலல்லவா இருக்கிறாள்!' என்று உங்களுக்கு ஒரு முகம் தோன்றியதா? தோன்றியதா இல்லையா?

அப்படியானால் தள்ளி உட்காருங்கள், நானும் உட்காருகிறேன். உங்கள் அம்மா எந்த ஊர்?