ஜன்னலைப் பிடித்த குடைமிளகாய்

எங்கள் வீட்டில் வெயில் வருவது ஒரே ஒரு ஜன்னலில்தான். அந்த ஜன்னலடியில் பதினாலு வருஷமாக அம்மாவின் தையல் மெஷின் நின்றது. கால் மெஷின், கனமான இரும்பு. அம்மா ஊராருக்குக் கோட்டு தைப்பவள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டுகிறவளுக்கு வெளிச்சம்தான் பாதிக் கண்.

அப்பா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். ஊரே நடுங்கிக்கொண்டிருக்கும் குளிரில் வீடு வீடாகப் போய், "உங்க பெட்டி சரியா குளிரலையே" என்று கவலைப்படுகிற ஒரே மனிதர்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா இரண்டு விதைப் பாக்கெட்டோடு வந்து கூடத்தின் நடுவில் நின்றார். ஒன்று மிளகாய், ஒன்று குடைமிளகாய்.

"இனிமே இந்த வீட்டுக்குள்ள கடை மிளகாய் வராது. இது என் சபதம்!"

"இந்தக் குளிர்லயா?" என்றாள் அம்மா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"குளிரை உண்டாக்கத் தெரிஞ்சவனுக்கு அதை விரட்டத் தெரியாதா? எனக்கு ஜன்னல் மட்டும் போதும்."

மெஷின் நின்றது.

"எந்த ஜன்னல்?"

"வெயில் வர்ற ஜன்னல் ஒண்ணுதானே."

நான் சண்டையை எதிர்பார்த்து டிவி சத்தத்தைக் குறைத்தேன். அம்மா, "சரி" என்றாள்.

அம்மா உடனே சரி என்றால் ஓடிவிட வேண்டும். இது எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். அப்பாவுக்கு நாற்பத்தெட்டிலும் தெரியவில்லை.

"செடி காய்க்கிற வரைக்கும் மெஷின் இந்தப் பக்கம் வரக் கூடாது," என்றார் அப்பா.

"நீங்களா கூப்பிடாம வராது," என்றாள் அம்மா.

மெஷினைச் சமையலறைக்கு நகர்த்தியது அப்பாவும் நானும். நான் பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து இந்த வீட்டில் பாரம் தூக்கும் வேலையெல்லாம் ஒரே பெண்ணான எனக்குத்தான். சமையலறையில் காலை பதினொரு மணி வரை ஏதோ வெளிச்சம் வரும். அப்புறம் குண்டு பல்பு.

அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். மனுஷன் கெட்டிக்காரர். விதைகளை முட்டை அட்டையில் ஊன்றி ஃப்ரிட்ஜின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். "உள்ளே இருக்கிற சூட்டையெல்லாம் இது பின்னாடிதான் துப்பும். வீட்டிலேயே வெதுவெதுப்பான இடம் இதுதான்" என்றார். ஒன்பதாம் நாள் முளை வந்தது. பத்தாம் நாள் முளைக்குப் பக்கத்தில் தெர்மாமீட்டர் வந்தது. எனக்கு ஜுரம் வந்தபோதுகூட இத்தனை தடவை பார்த்ததில்லை.

ஏப்ரலில் பன்னிரண்டு நாற்று. ஒன்று மட்டும் இடுப்பொடிந்து, வெளுத்து, குச்சியாக நின்றது.

"இந்த நோஞ்சான் தேறாது," என்று குப்பைத் தொட்டியைத் திறந்தார் அப்பா.

"இங்க கொடுங்க," என்றாள் அம்மா. காலி தயிர் டப்பாவில் ஓட்டை போட்டு, அதில் நட்டு, மெஷின் பலகையின் ஓரத்தில் வைத்துக்கொண்டாள்.

மற்ற பதினொன்றும் ஜன்னலுக்குப் போயின. அப்பா அதோடு விடவில்லை. ஃப்ரிட்ஜ் கதவைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை இருக்குமே, குளிர் வெளியே போகாமல்? அதை ஒரு பழைய பெட்டியிலிருந்து வெட்டி வந்து ஜன்னலைச் சுற்றிப் பசை போட்டு ஒட்டிவிட்டார், குளிர் உள்ளே வராமல். எறும்பு நினைத்தாலும் நுழைய முடியாது. நாங்கள் உள்ளறையில் நடுங்கிக்கொண்டு தூங்கினோம். செடிகள் சொகுசாக வாழ்ந்தன. இலை ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அளவு.

ஜூனில் பூத்தது. வெள்ளை வெள்ளையாக, ஐம்பது அறுபது பூ. அப்பா கீழ்வீட்டு பார்பரை அழைத்து வந்து காட்டினார். பார்பர், "தலை நிறைய முடிதான், காய் எங்கே?" என்றார்.

மறுநாள் எல்லாப் பூவும் தரையில் கிடந்தது. அடுத்த வாரம் பூத்ததும் அப்படியே.

"சூடு இருக்கு, தண்ணி இருக்கு, உரம் இருக்கு. இன்னும் என்ன வேணுமாம் அதுக்கு?"

"என்னைக் கேட்டா? நான் கோட்டு தைக்கிறவ," என்றாள் அம்மா.

அவள் பாடும் சரியில்லை. அந்த வாரம்தான் ஒரு கோட்டுக்கு வலது கையை உள்பக்கம் வெளியாக வைத்துத் தைத்துவிட்டு, பல்பைத் திட்டிக்கொண்டே பிரித்தாள். கண் சிவந்திருந்தது. ஆனாலும் ஜன்னலைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாக இருந்தால் பதினொரு செடியையும் பிடுங்கியிருப்பேன். அவள் காலையில் டீ போடும்போது நோஞ்சானின் பூவை விரலால் சுண்டி, "காய்ப்பியா மாட்டியா?" என்று மிரட்டுவதோடு சரி. விளையாடுகிறாள் என்று விட்டுவிட்டேன்.

ஜூலையில் அப்பா தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார். தண்ணீர் குடிக்காமலே கத்தினார்.

நோஞ்சானில் நாலு குடைமிளகாய், பளபளவென்று.

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். ஃப்ரிட்ஜைச் சோதிப்பது போல நோஞ்சானைச் சோதித்தார். அதே விதை, அதே மண். வெயில் குறைவு, உரம் கிடையாது. அம்மா அவரைக் கண்டுகொள்ளாமல் தைத்துக்கொண்டிருந்தாள். தடதடவென்று பலகை அதிர, தயிர் டப்பாவும் அதிர்ந்தது. பூ தலையாட்டியது.

"ஆட்டம்!" என்று துள்ளி எழுந்தார் அப்பா. "பூவை ஆட்டினாத்தான் மகரந்தம் உதிரும். வெளியில காத்து ஆட்டும், தேனீ ஆட்டும். ரெண்டையும் நான் ரப்பர் போட்டு அடைச்சுட்டேன். இதை உன் மெஷின் ஆட்டுது!"

"அப்படியா?" என்றாள் அம்மா, கண்ணை அகல விரித்து.

"எவ்வளவு நாளா கண்ணுக்கு முன்னாடியே இருக்கு! உனக்குத் தோணவே இல்லையே."

"எனக்கு எங்கேங்க அந்த அறிவெல்லாம்."

"மெஷின் ஜன்னலுக்கு வரணும். இன்னைக்கே!"

"காய்க்கிற வரைக்கும் வரக் கூடாதுன்னீங்க?"

"நான்தான் கூப்பிடுறேனே! வா, தாயே!"

பாரம் தூக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். மெஷின் பழைய இடத்துக்குப் போனது. பதினொரு தொட்டியும் பலகையைச் சுற்றி நெருக்கமாக நின்றன. அம்மா உட்காரவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினொரு செடி ஆடுற அளவுக்கு மிதிக்க என் காலுக்குத் தெம்பில்லைங்க."

"நான் மிதிக்கிறேன்!"

"சும்மா மிதிச்சா ஊசி கெட்டுப்போகும். கீழே துணி ஓடணும். இந்தாங்க, இந்தக் கோட்டுக்கு ஓரம் அடிங்க. நேரா."

வேலை முடிந்து வந்து தினம் ஒரு மணி நேரம் அப்பா மிதித்தார். முதல் ஓரம் பாம்பு போனது போல இருந்தது. மூன்றாவது வாரம் அம்மாவே தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதுவே பெரிய பாராட்டு. பகல் முழுக்க ஜன்னலடியில் அம்மா தைத்தாள். கண் சிவப்பு போயிற்று. செடிகளிலும் பிஞ்சு பிடித்தது. செப்டம்பரில் முதல் குடைமிளகாய் சிவந்தது. அப்பா அதைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு பார்பரிடம் காட்ட ஓடினார்.

நான் அம்மாவிடம் கேட்டேன். "மெஷின் ஆட்டினா காய்க்கும்னு உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?"

அம்மா பக்கத்துச் செடியில் ஒரு பூவை விரலால் டப்பென்று சுண்டினாள். மஞ்சளாகக் கொஞ்சம் தூள் உதிர்ந்தது.

"இவ்வளவுதான் வேலை. தினம் காலையில நான் செஞ்சதை நீதான் பாத்தியே."

"அப்போ மெஷின்?"

"அது துணி தைக்கடி. மெதுவாப் பேசு, உங்கப்பா படியேறி வர்றார். இன்னும் நாலு கோட்டுக்கு ஓரம் பாக்கி இருக்கு."