இடது பக்கக் கதவுக்கு எத்தனை மதிப்பெண்

சிக்னலில் வேன் நின்றது. நின்ற கையோடு இடது பக்கக் கதவு தானாகத் திறந்துகொண்டது. சத்தமே இல்லாமல், பெரிய மனிதர் யாரோ இறங்கப்போவது போல மரியாதையாக வழுக்கிப் பின்னால் போய் நின்றது.

"மூணாவது தடவை," என்றார் கையேட்டுக்காரர், ஸ்டியரிங்கைப் பார்த்து.

பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு குடும்பமே அவரைத் திரும்பிப் பார்த்தது.

"ஏறிக்கலாமா?"

"இது வாடகை வண்டி இல்லைங்க."

"பின்ன எதுக்குத் திறந்து காட்டறீங்க?"

அதுதான் கையேட்டுக்காரருக்கும் தெரியவில்லை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டார், இறங்கினார், வண்டியைச் சுற்றி ஓடிப் போய்க் கதவை மேலும் கீழும் பார்த்தார். பின்னால் நாலு ஹாரன் ஒன்றாக அலறின. திரும்ப ஓடி வந்து சீட்டில் உட்கார்ந்ததும் கதவு தானாகவே மூடிக்கொண்டது.

"எழுது," என்று மூத்த மகளிடம் சொன்னார். "கதவு, மைனஸ் அஞ்சு."

"ஏற்கெனவே மைனஸ் பத்துல இருக்குப்பா."

"அப்ப மைனஸ் பதினஞ்சு. இதுக்குப் பேர் ஆட்டோமேட்டிக்காம். யாரைக் கேட்டு ஆட்டோமேட்டிக்?"

கையேட்டுக்காரர் என்பது வீட்டில் வைத்த பெயர். வாஷிங் மெஷின், இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி இவற்றோடு ஒரு சின்னப் புத்தகம் வருமே, நாம் பிரிக்காமலே அட்டைப் பெட்டியோடு தூக்கி எறிவோமே, அதை எழுதுவது அவர் தொழில். பதினெட்டு வருஷமாக எழுதுகிறார். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் அதைத் தொடவும் மாட்டார், அடுத்தவரைத் தொட விடவும் மாட்டார். அதனால்தான் ஒரு வருஷமாக வேன் வாங்கப் போய் ஒன்பது வேன்களை வேண்டாம் என்று சொல்லியிருந்தார். சொகுசுக்கு நாற்பது, ஓட்டத்துக்கு முப்பது, கொடுக்கிற விலைக்குத் தகுதியா என்பதற்கு முப்பது. நூற்றுக்கு எண்பது வாங்காத வண்டி அவர் வீட்டு வாசலில் நிற்க முடியாது.

இது பத்தாவது.

வேன் எதற்கு என்றால், மாமனாருக்காக. அவர் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஓட்டியவர். நின்றே வேலை பார்த்ததில் வலது முழங்கால் போய், ஆபரேஷனுக்குப் பிறகு மடங்காமல் நீட்டியபடியே நின்றுவிட்டது. பழைய காரில் அந்தக் கால் ஒரு சீட்டை எடுத்துக்கொள்ளும். மகள், மருமகன், இரண்டு பேத்திகள், ஒரு கால் என்று கணக்குப் போட்டால் எப்போதும் ஒருவருக்கு இடம் இருக்காது. அந்த ஒருவர் எப்போதும் மாமனாராகவே இருந்தார். "நீங்க போயிட்டு வாங்க, நான் டிவி பார்க்கறேன்" என்பார். ஒரு வருஷமாக டிவிதான் பார்க்கிறார்.

காலையில் ஷோரூமுக்குக் கிளம்பும்போதே மனைவி தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "இதையும் வேண்டாம்னு சொன்னீங்கன்னா, அப்பாவை விட்டுட்டுப் போற எந்த இடத்துக்கும் இனிமே நானும் வரமாட்டேன். அவரும் நானும் டிவி பார்க்கறோம்."

விற்பனைக்காரர் அதைவிடத் தெளிவாகச் சொன்னார்: "சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் ஓட்டிப் பாருங்க சார். அஞ்சு மணிக்கு இன்னொரு பார்ட்டி வர்றாங்க. இந்த மாடல்ல இது ஒண்ணுதான் இருக்கு." சொல்லிவிட்டுச் சாவிகளை நீட்டினார். கையேட்டுக்காரர் ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். ஒரு கையில் மதிப்பெண் அட்டை, மறு கையில் பேனா. இன்னொரு சாவியை "இதைக் கொஞ்சம் வச்சுக்குங்க" என்று திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டிவிட்டு, டயரை அளக்கக் குனிந்துவிட்டார்.

மாமனார் நடு வரிசையில் ஏறி, காலை நீட்டினார். முன் சீட்டில் இடிக்கவில்லை.

"நீட்ட முடியுதும்மா," என்றார் மகளிடம். மருமகன் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் பற்றி விளக்க ஆரம்பித்ததும் வழக்கம் போலக் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சால்வையைப் போர்த்தியபடி வெளியே வேடிக்கை பார்க்கத் தொடங்கினார். வீட்டிலும் அப்படித்தான். மருமகனுக்கு அதில் வருத்தமில்லை; காது கேட்காதவர் குறுக்குக் கேள்வி கேட்க மாட்டார்.

இந்தக் கதவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பக்கவாட்டில் வழுக்கும் கதவுக்குள் ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. அது ஒரு கம்பியைச் சுற்றி இழுக்கும். கிணற்றில் வாளியை இழுக்கும் அதே வேலைதான், படுக்கை வசத்தில். இழுப்பதற்கு முன்னால் வண்டி இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளும். ஒன்று, நான் நிற்கிறேனா? இரண்டு, யாராவது உத்தரவு கொடுத்தார்களா? இரண்டுக்கும் ஆமாம் என்றால்தான் கதவு நகரும். ஓடும்போது திறக்காது, ஆபத்தில்லை. ஆக, நிற்கும்போது யாரோ உத்தரவு கொடுக்கிறார்கள். யார்?

"வெளிக் கைப்பிடி, உள் கைப்பிடி, டிரைவர் பக்கத்து பட்டன், நடுத் தூணில் இருக்கற பட்டன், சாவி. உத்தரவு குடுக்க மொத்தம் அஞ்சே வழி," என்று கையேட்டுக்காரர் விரல் விட்டு எண்ணினார். "கைப்பிடியை யாரும் தொடலை. பட்டனையும் தொடலை. அப்ப சாவி. பிரேக்கை மிதிக்க நான் காலை நகர்த்தறப்ப பாக்கெட்ல சாவி அழுங்குது. இவ்வளவுதான் விஷயம்."

"அப்ப சரி," என்றாள் மனைவி.

சாவியை எடுத்து முன்னால் கண்ணாடிக்குக் கீழே வைத்தார். முதல் திருப்பத்திலேயே அது வழுக்கி, பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் நடுவில் போய் விழுந்தது. வண்டியை ஓரம் கட்டி, தலைகீழாகத் தொங்கித் தேடினார். வண்டி நின்றதல்லவா, கதவு திறந்தது.

"சாவி என் கையில கூட இல்ல," என்றார் கீழேயிருந்து, நெற்றியில் கிரீஸோடு.

"தரையில அழுங்கியிருக்குமோ என்னமோ," என்றாள் இளையவள் உதவியாக.

மனைவி பிஸ்கட் தகர டப்பாவைக் காலி செய்து நீட்டினாள். கையேட்டுக்காரர் முகம் மலர்ந்தது. தகரம் ரேடியோ அலையைத் தடுக்கும். சாவி உள்ளே கிடந்து கத்தினாலும் வண்டிக்குக் கேட்காது. சாவியைப் போட்டு மூடினார். பிறகுதான் உறைத்தது. இந்த வண்டி சாவி பக்கத்தில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். டப்பாவுக்குள் இருக்கும் சாவி வண்டிக்குத் தெரியாது. அப்படியானால் இப்போது ஸ்டார்ட் ஆகக் கூடாது.

பட்டனை அழுத்தினார். அழகாக ஸ்டார்ட் ஆனது.

"எழுது," என்றார். "பாதுகாப்பு, மைனஸ் இருபது. திருடன் சாவி இல்லாமலே ஓட்டிக்கிட்டுப் போகலாம். கதவையும் வண்டியே திறந்து விடும். அவன் வந்து உட்கார்ந்தா போதும்."

அடுத்த சிக்னலில் கதவு திறந்தது. இறங்கினார், ஓடினார், பார்த்தார், ஏறினார். மூடியது. அதற்கடுத்து ஒரு பள்ளிக்கூட வாசல், குழந்தைகள் சாலையைக் கடக்க நின்றபோது திறந்தது. இறங்கினார், ஓடினார், பார்த்தார், ஏறினார். மூடியது. மாமனார் மட்டும் அமைதியாக இருந்தார். மனைவி வசதியா என்று சைகையில் கேட்டதற்குக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். இத்தனை நாளில் அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை அவள் பார்த்ததில்லை.

"ஏங்க, அப்பாவுக்குப் பிடிச்சிருக்கு. கதவை அப்புறம் பார்த்துக்கலாமே."

"அப்புறமா? நானூறு பக்கக் கையேடு குடுத்திருக்கான். இருநூத்துப் பன்னிரண்டாம் பக்கத்தில என்ன எழுதியிருக்கான் தெரியுமா? 'கதவு திறந்திருந்தால் மூடவும்.' பதினெட்டு வருஷத்துல நான் இப்படி ஒரு வரி எழுதியிருப்பேனா? இதை எழுதினவனுக்கு ராத்திரி எப்படித் தூக்கம் வருது?"

கோபத்தோடு கோபமாக, டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு சுவிட்சைக் கண்டுபிடித்தார். அதை அணைத்தால் உள்ளே இருக்கும் கைப்பிடிகளும் பட்டன்களும் வேலை செய்யாது. அணைத்தார். பெட்ரோல் பங்கில் நின்றபோது இளையவளுக்கு அவசரமாகக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. அவள் உட்கார்ந்திருந்த வலது பக்கக் கதவை இழுத்தாள். அசையவில்லை. தட்டினாள், உதைத்தாள்.

இடது பக்கக் கதவு பணிவாகத் திறந்தது. அவள் தாத்தாவின் காலைத் தாண்டிக் குதித்து ஓடினாள்.

"பார்த்தியா? திறக்க வேண்டியது திறக்கலை, திறக்கக் கூடாதது திறக்குது," என்றார் கையேட்டுக்காரர். "வேணும்னே பண்ணுது. இது வண்டியே இல்ல, வீம்பு பிடிச்ச ஜென்மம்."

"வீம்பு வண்டிக்கு மட்டும்தானா?" என்றாள் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்து.

பெட்ரோல் பங்குக்காரர் பைப்பைக் கையில் பிடித்தபடியே யோசனை சொன்னார்: "கட்டிப் போடுங்க சார்."

வண்டிக்குப் பின்னால் கயிறு இருந்தது. கையேட்டுக்காரர் கதவின் கைப்பிடியையும் முன் சீட்டின் இரும்புக் காலையும் சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டார். மாமனார் கயிற்றைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், ஏதோ காரணம் இருக்கும் என்று தலையாட்டிக்கொண்டார்.

அடுத்த நிறுத்தத்தில் கதவு ஒரு சாண் நகர்ந்தது. கயிறு விறைத்தது. மோட்டார் முக்கி முனகியது. கையேட்டுக்காரர் வெற்றிப் புன்னகையோடு திரும்பிய நேரத்தில் உள்ளே எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். கதவு ஒரு சாண் திறந்த நிலையிலேயே நின்றுவிட்டது. இனி மூடவும் மூடாது, திறக்கவும் திறக்காது. கதவு சரியாக மூடவில்லை என்று வண்டி மணியடிக்க ஆரம்பித்தது. டிங், டிங், டிங்.

"நிறுத்துங்களேன் அதை."

"கதவு மூடினாத்தான் அது நிக்கும்."

"கதவு எப்ப மூடும்?"

"கயிறை அவிழ்த்துப் பார்த்தேன், மூடலை."

"கயிறு கட்டாம இருந்திருந்தா?"

கையேட்டுக்காரர் ஹேண்ட் பிரேக்கை எடுத்தார். சந்து வழியாகக் காற்று வீச, மணி அடிக்க, மனிதர் நடக்கும் வேகத்தில் வேன் ஷோரூமை நோக்கி ஊர்ந்தது. சைக்கிள்கள் முந்திக்கொண்டு போயின.

மணி நாலே முக்கால். வாசலில் அந்த இன்னொரு பார்ட்டி சீக்கிரமே வந்து, இந்த வேனைத்தான் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்கள்.

"நூத்துக்கு மைனஸ் நாப்பத்தி ரெண்டு," என்று கையேட்டுக்காரர் அட்டையை விற்பனைக்காரர் மேஜையில் அடித்து வைத்தார். "உங்க கம்பெனியில கதவைச் சோதிச்சுப் பார்க்கற ஆளே கிடையாதா? குழந்தைங்க ஏறற வண்டி இது. நிக்கற இடமெல்லாம் திறந்து ஊருக்கே எங்களைக் காட்டுது. இதை எழுத்துல குடுக்கறேன். ஒரு பக்கம் இல்ல, நாலு பக்கம்."

மெக்கானிக் ஒரு பெண். நீலச் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். எல்லோரும் அவளோடு வண்டிக்குப் போனார்கள். கம்பி சக்கரத்திலிருந்து விலகியிருந்ததை இரண்டு நிமிஷத்தில் மாட்டினாள். மணி நின்றது. பிறகு கையடக்கமான ஒரு கருவியை ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகிப் படித்தாள். வண்டி எல்லாவற்றையும் உள்ளே எழுதி வைத்துக்கொள்ளும் என்பதால், அது நல்ல கணக்குப்பிள்ளை போல ஒப்பித்தது.

"இன்னிக்குப் பதினோரு தடவை திறந்திருக்கு சார். பதினொண்ணும் சாவி உத்தரவுதான்."

"சாவி இதோ டப்பாவுக்குள்ள இருக்கும்மா. அப்பவும் ஸ்டார்ட் ஆகுது." தகர டப்பாவைக் குலுக்கிக் காட்டினார்.

அவள் டப்பாவைத் திறந்து சாவியைக் கருவிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இது ஒண்ணாம் நம்பர். திறந்தது ரெண்டாம் நம்பர். இது டப்பாவுல இருந்தப்பவும் வண்டி ஸ்டார்ட் ஆச்சுன்னா, அது வண்டிக்குள்ளயே இருந்திருக்கு. கதவுல ஒரு கோளாறும் இல்ல சார். ரெண்டாவது சாவி யார் கையில இருக்கோ, அவங்ககிட்டேருந்து வாங்கி வச்சிட்டீங்கன்னா சரியாயிடும்."

"கோளாறு இல்லைன்னா நாங்க எடுத்துக்கறோம்," என்றாள் மனைவி உடனே, வாசலில் நின்றவர்கள் காதிலும் விழும்படி.

"ரெண்டாவது சாவியா? எனக்கு யார் குடுத்தா?" என்றார் கையேட்டுக்காரர்.

"காலையில ரெண்டையும் உங்க கையிலதானே சார் குடுத்தேன்," என்றார் விற்பனைக்காரர்.

கையேட்டுக்காரருக்கு அப்போதுதான் டயரும், குனிந்ததும், பின்னால் நீட்டிய கையும் ஞாபகம் வந்தன. மெல்லத் திரும்பினார். எல்லோரும் திரும்பினார்கள். நடு வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாமனார், தன்னையே அத்தனை பேரும் பார்ப்பதைக் கண்டு, சட்டைப் பையிலிருந்து மெஷினை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். சால்வைக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. கட்டை விரல் இன்னும் சாவியின் பட்டன் மேலேயே இருந்தது.

"நின்னா திறக்கணும், ஏறினதும் மூடணும், சரியாத்தானே செஞ்சேன் மாப்பிள்ளை? நான் திறந்தப்பல்லாம் நீங்க இறங்கி இறங்கி ஏறினீங்களே."