ஆர் உழக்கிறது?

கரண்ட் இல்லாத ஊரில் வயரிங் படிப்பதும் பாயில் படுத்து நீச்சல் பழகுவதும் ஒன்றுதான். நான் படித்தேன். (சிரிக்காதீர்கள், வகுப்பில் முதலாம் ஆள் நான்தான்.)

தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி. எங்கள் ஊர் தண்ணீரூற்றில் சண்டையோடு கரண்ட் போய் வருசக்கணக்கு. எங்கள் பயிற்சி நிலையத்தில் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, கூடப் படித்த செல்வி பெடலை உழக்குவாள். டைனமோ சுத்த, நான் வயர் பூட்டிய பலகையில் டோர்ச் பல்ப் மினுங்கும். மினுங்காவிட்டால் வயரை விரலாலேயே அழுத்திப் பிடிப்பேன். சைக்கிள் டைனமோ யாரைக் கொன்றது?

இடம்பெயர்ந்து திரிந்ததில் பள்ளிக்கூடத்தின் ஓ.எல் சோதனையை விட்டவள் நான். மிச்சமிருந்தது வவுனியாவில் நடக்கும் தேசியத் தொழிற்தேர்ச்சிப் பரீட்சை. எங்கே படித்தாய் என்று அங்கே கேட்கமாட்டார்கள். செய்து காட்டினால் நாடு முழுக்கச் செல்லும் சான்றிதழ். கிடைக்காவிட்டால் ஆயுசுக்கும் அடுத்தவன் வயலில் களை பிடுங்க வேண்டியதுதான். அம்மாவோ, "என்ரை மகள்தான் ஊருக்கு லைற் போடப் போறாள்" என்று ஒரு வீடு விடாமல் சொல்லி முடித்திருந்தா.

ஊரை விட்டு வெளியே போகப் பயணப் பாஸ் எடுத்து, செல்வியும் நானும் போய்ச் சேர்ந்தோம். மண்டபத்தில் எல்லாருக்கும் முதல் பலகையைப் பூட்டி முடித்தது நான். பெருமையில் கழுத்து ஒரு சாண் நீண்டிருந்தது.

சோதனை எடுக்க வந்த சேர் கிட்ட வந்தார். "முடிஞ்சுதோ பிள்ளை? எங்கை, லைற்றைப் போட்டுக் காட்டும்."

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். "சேர், சைக்கிள் எங்கை?"

"என்ன சைக்கிள்?"

"ஆர் உழக்கிறது?"

மண்டபமே சிரித்தது. செல்வி என்னைத் தெரியாதவள் போலக் குனிந்துகொண்டாள். அந்தப் பதற்றத்தில் சுவிட்சைத் தட்டினேன். பல்ப் ஒருக்கா வெட்டி அணைந்தது. வயர் ஒன்று கழன்றிருந்தது. பழகிய விரல் என்னைக் கேட்காமலே அதை அழுத்தப் போனது.

அடுத்த கணம் நான் நிலத்தில் இருந்தேன். ட்ரிப் சுவிட்ச் விழுந்து, ஃபேன் நின்று, அத்தனை பேரின் பலகையும் செத்துப்போனது.

சேர் ஓடிவந்தார். "பிள்ளை! உயிரோடை இருக்கிறீரோ?"

"ஓம் சேர்," என்றேன் பல் கிடுகிடுக்க. "கரண்ட் வருது."

பெயில். "வேலை சுத்தம்," என்றார் சேர். "ஆனால் மெயினை நிப்பாட்டாமல் கை வைக்கிற ஆளுக்கு இந்த நாட்டிலை எங்கையும் சான்றிதழ் குடுக்கேலாது. அடுத்த முறை வாரும்."

வழி முழுக்க அழுதேன். ஆனால் அந்த 'எங்கையும்' எனக்குப் பிடித்திருந்தது. கொழும்புப் பிள்ளை கை வைத்திருந்தாலும் இதே பெயில்தான். பாவம் பார்த்து யாரும் என்னைக் குறைத்து அளக்கவில்லை.

அம்மா விசயம் கேட்டுக் கொதித்தா. "அவ்வளவு கரண்டை வைச்சுக்கொண்டு சோதினை வைச்சால் பிள்ளை என்ன செய்யும்?"

அடுத்த முறை பாஸ். மெயினை நிறுத்தினேனா என்று மூன்று தரம் பார்த்ததில் கடைசியாக முடித்ததும் நான்தான். பிறகொரு காலத்தில் எங்கள் ஊருக்குக் கரண்ட் வந்தது. எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு வயரிங் நான். எங்கள் வீட்டில் முதல் சுவிட்சைப் போட அம்மாவைக் கூப்பிட்டேன். அவா கையை நீட்டி, இழுத்து, என்னைப் பார்த்தா.

"ஆர் உழக்கிறது?"

இன்றைக்கும் கரண்ட் நின்றால் எங்கள் வீட்டில் யாரும் மெழுகுதிரி தேடுவதில்லை. முதலில் ஒவ்வொரு அறையிலிருந்தும் அந்தக் கேள்விதான் வரும்.